வர வேண்டாம் என்று சொன்னேன்

பக்கத்து வீட்டு அத்தைக்குக் கடவுள் விஷயத்தில் எந்தக் குழப்பமும் இல்லை. கொல்லைக் கதவைத் திறந்தால் மலை, மலைதான் சாமி. துணி உலர்த்த வரும்போது ஒரு கும்பிடு போட்டுவிட்டு, மழை வருமா என்பதையும் அதைப் பார்த்தே தெரிந்துகொள்வார். முஸ்லிம்களான எங்களுக்கு அந்த வசதி கிடையாது. அல்லாஹ்வுக்கு உருவம் இல்லை, யாரும் பார்த்ததில்லை என்று அம்மா முடிவாகச் சொல்லியிருந்தாள். எனக்கு அத்தைமேல் கொஞ்சம் பொறாமைதான்.

எழுபதுகளின் கடைசியில், எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, நாலு வயதுத் தம்பி காய்ச்சலில் விழுந்தான். பத்து நாளாகியும் இறங்கவில்லை. அம்மா அவனோடு ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிட்டாள். அத்தா, அதாவது அப்பா, துணிக்கடையைப் பாதி திறந்து வைத்துவிட்டு அங்கும் இங்கும் நடந்துகொண்டிருந்தார். என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. டாக்டரால் முடியாதென்றால் அல்லாஹ்வே நேரில் வந்துவிடட்டும் என்று நானாக முடிவு செய்தேன். ஐந்து வேளையும் கையேந்தி அதையே கேட்டேன். ஆஸ்பத்திரிக்கு வழிகூடச் சொன்னேன்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் மதரஸாவில் ஓதிக்கொடுக்கும் அஜரத், மூசா நபியின் கதையைச் சொன்னார். இறைவனைப் பார்க்க வேண்டும் என்று மூசா நபி கேட்டாராம். உன்னால் முடியாது, அந்த மலையைப் பார் என்று பதில் வந்ததாம். இறைவனின் ஒளி பட்டதும் மலை தூள்தூளாகிவிட்டது. மூசா நபி மூர்ச்சையாகி விழுந்தார்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுத்த கன்னியாஸ்திரீயிடம் போய் இது நிஜமா என்று கேட்டேன். யூதர்களுக்கும் தங்களுக்கும்கூட அவர் உண்டு, பெயர் மோசே என்றார் சிஸ்டர். மோசேயைப் பாறை இடுக்கில் நிறுத்தி, கையால் மூடி, கடவுள் முதுகை மட்டும்தான் காட்டினாராம். முகத்தைப் பார்த்தால் ஆள் பிழைக்க முடியாதாம். அப்புறம் தங்களுக்காகக் கடவுளே மனிதராக வந்தார் என்றும் சொன்னார். அதை நான் காதில் வாங்கவில்லை. மூன்று மதமும் சொல்லிவைத்தாற்போல் பயமுறுத்தும்போது நம்பாமல் என்ன செய்வது?

அல்லாஹ் வந்தால் எங்கள் மலை என்னாகும்? அத்தையின் சாமியோடு சேர்ந்து அடிவாரத்திலிருக்கும் எங்கள் வீடு, ஆஸ்பத்திரி எல்லாமே போய்விடுமே. அன்று சாயங்காலத் தொழுகையில் அவசர அவசரமாக மாற்றிக் கேட்டேன். நீ வர வேண்டாம், அங்கேயே இருந்து தம்பியைச் சரிபண்ணிவிடு.

மூன்றாம் நாள் காலையில் அத்தா தம்பியைத் தோளில் போட்டு எடுத்து வந்தார். தூங்குகிறான் என்று நினைத்து நான் கதவைச் சத்தமில்லாமல் திறந்துவிட்டேன்.

அடக்கம் முடிந்து ஆண்கள் கபர்ஸ்தானிலிருந்து திரும்பிய பிறகும் அம்மா அழவில்லை. சமையலறை வாசலில் உட்கார்ந்துகொண்டு, இத்தனை நாளாகக் கூப்பிட்டேனே, வரவே இல்லையே என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். என்னால் தாங்க முடியவில்லை. கிட்டே போய், "நான்தாம்மா வர வேணாம்னு சொல்லிட்டேன்" என்றேன்.

அம்மா என் தோள் இரண்டையும் பிடித்தாள். நகம் பதிந்து வலித்தது.

"நீ சொன்னத கேட்டானா? நெஜமா கேட்டானாடி?"

அடி விழப்போகிறது என்று நினைத்தேன். தப்பித்தால் போதும் என்று, "இல்லம்மா, கேக்கல. அங்க யாரும் கேட்டமாதிரி இல்ல" என்று சொல்லிவிட்டேன். அம்மா கையை எடுத்துவிட்டாள். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அடி விழாததில் எனக்கு அப்போது நிம்மதிதான்.

அதற்குப் பிறகு அவள் ஒரு வேளைத் தொழுகைகூட விட்டதில்லை. ஆனால் முடிந்ததும் கையேந்தி எதையும் கேட்கமாட்டாள், உடனே எழுந்துவிடுவாள். அன்று அம்மா என்னைத் திட்டினாள் என்றே பல வருஷம் நினைத்திருந்தேன். எனக்கும் பிள்ளை பிறந்து, அதற்கும் ஒருமுறை காய்ச்சல் கண்டபோதுதான் புரிந்தது. அது கோபமே இல்லை. அந்தப் பக்கம் யாராவது இருக்கிறார்களா என்று, கேட்க வேறு ஆள் இல்லாமல், ஒன்பது வயது மகளிடம் கேட்டிருக்கிறாள்.