கோவிந்தம்மாள் வைத்த குழம்பு

வேணி விழுப்புரத்தில் பத்திரம் எழுதுகிற ஒருவரிடம் டைப்பிஸ்ட். பன்னிரண்டு வருடமாக அதே நாற்காலி. யார் நிலம், யார் பேருக்கு, எந்தத் தேதியில், நாலு எல்லை என்னென்ன என்பதில் ஒரு எழுத்துப் பிசகினாலும் கண்டுபிடித்துவிடுவாள். மற்றவர்கள் சொத்தில் இவ்வளவு கறாராக இருந்தவள், தன் வீட்டுச் சமையலறையில் நடந்த விஷயத்தில் மட்டும் பெயரை மாற்றி எழுதிவிட்டாள்.

அவள் வீடு திண்டிவனத்தில். காலை எட்டு மணி பாசஞ்சரில் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் விழுப்புரம். சீசன் டிக்கெட்காரப் பெண்கள் எட்டுப் பேர் ஒரே பெட்டியில், ஒரே இடத்தில் உட்காருவார்கள். வேறு யாராவது தெரியாமல் அங்கே உட்கார்ந்துவிட்டால், அவரை எழுப்பாமலே எழுந்து போக வைக்கிற பார்வை எட்டுப் பேருக்கும் கைவந்திருந்தது. மயிலம் தாண்டியதும் டிபன் பாக்ஸ்கள் திறக்கும். மதியத்துக்குக் கொண்டுவந்ததில் ஆளுக்கொரு வாய் அங்கேயே தீர்ந்துவிடும். சாயங்கால வண்டியில் கீரை ஆய்வார்கள், பூண்டு உரிப்பார்கள், மாமியாரையும் உரிப்பார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நாள் வேணியின் பாக்ஸில் மல்லாட்டைக் குழம்பு இருந்தது. கத்திரிக்காய் போட்ட காரக்குழம்புதான். இறக்குகிற நேரத்தில் வறுத்துப் பொடித்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையைச் சேர்த்திருந்தது. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் ஜெசிந்தா ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டு கண்ணை மூடினாள்.

"இது நீ வச்சதா வேணி?"

வேணியின் வாயில் சோறு இருந்தது. தலையை ஆட்டினாள். விழுங்கிய பிறகாவது வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அந்தக் குழம்பை வைத்தவள் கோவிந்தம்மாள். வேணியின் கணவன் தென்னரசுவுக்கு அண்ணி. அண்ணன் செத்து மூன்று வருடமாகிறது. கோவிந்தம்மாளும் கல்லூரியில் படிக்கும் அவள் மகள் சங்கவியும் இவர்களோடு ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். வேணி அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அக்கா நாலரை மணிக்கு எழுந்து அடுப்பைப் பற்ற வைத்தால், ஏழரைக்கு வேணியின் பாக்ஸ் மூடித் துடைத்து மேஜைமேல் தயாராக இருக்கும். வேணிக்கு ரசம் கொதிக்கும் முன்னே இறக்குவதா, கொதித்த பின்னே இறக்குவதா என்பதே சந்தேகம்.

ஒரு தலையாட்டலோடு போயிருந்தால் யாருக்கும் நட்டமில்லை. கலைப்பிரியா என்கிற சின்னப் பெண் 'தாளிப்பு' என்று ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்தாள். "அக்கா, அந்தக் குழம்பு எப்டின்னு போடுங்க" என்றாள். வேணி அன்று சாயங்காலம் அடுப்படிக்குப் போய், ஏதோ சும்மா கேட்கிற மாதிரி கோவிந்தம்மாளிடம் கேட்டாள். கோவிந்தம்மாளுக்கு ஒரே சந்தோஷம். படித்தவள், உத்தியோகம் பார்க்கிறவள், தன்னிடம் வந்து கேட்கிறாளே என்று கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே எல்லாம் சொன்னாள். அவள் சொன்ன ஒரு கை, ரெண்டு சிட்டிகை, கொஞ்சூண்டு எல்லாவற்றையும் வேணி ஸ்பூன் கணக்காக மாற்றி, பத்திரம் மாதிரி நம்பர் போட்டு எழுதி அனுப்பினாள். மற்ற ஏழு பேரும் கை கூப்பினார்கள். அப்படியே அது தொடர்ந்தது. கருவாட்டுக் குழம்பு, முருங்கைக்கீரை போட்ட கேப்பை அடை, பருப்புக் கடையல், கூடவே தேங்காய்த் துருவல் கெடாமலிருக்க என்ன செய்யலாம், தோசைக்கல்லில் ஒட்டினால் என்ன செய்யலாம் என்று நாற்பத்து மூன்று குறிப்புகள். ஒன்றில்கூடக் கோவிந்தம்மாள் பெயர் இல்லை.

இதோடு நின்றிருந்தாலும் மன்னித்துவிடலாம்.

தை மாதம் பொங்கல் முடிந்த வாரம் கோவிந்தம்மாள் கேட்டாள். "வேணி, விழுப்புரத்துல எங்கனா எனக்கு ஒரு வேலை இருந்தா சொல்லேன். எத்தினி நாளிக்குத்தான் உங்க கைய பாத்துக்கினே இருக்கறது."

"பாக்குறேன்க்கா."

நாலாவது நாள் ஜெசிந்தா ரயிலில் கேட்டாள். அவள் அண்ணன் விழுப்புரத்தில் மதியச் சாப்பாடு மட்டும் போடுகிற மெஸ் ஒன்று நடத்துகிறார். சமைக்கிற அம்மா மகள் பிரசவத்துக்குப் போய்விட்டாள். "உன் கைப்பக்குவத்துல பாதி இருந்தாலும் போதும் வேணி. உனக்குத் தெரிஞ்சவங்க யாருனா இருக்காங்களா?"

வேணியின் மனசு அப்போது போட்ட கணக்கை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். அக்காவை அனுப்பினால் முதல் நாளே குட்டு வெளிப்பட்டுவிடும் என்பது ஒன்று. வீட்டில் யார் சமைப்பது என்பது இரண்டு. இந்த இரண்டையும் நினைத்து முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"யாரும் இல்லியே" என்றாள்.

மாசியில் கோவிந்தம்மாள் மல்லாட்டை உடைக்கிற மில்லுக்கு வேலைக்குப் போனாள். காலையில் எல்லாருக்கும் சமைத்து வைத்துவிட்டு, பகல் பூராவும் அங்கே உட்கார்ந்து சொத்தைப் பருப்பு பொறுக்கிவிட்டு, சாயங்காலம் தலையெல்லாம் தூசியாகத் திரும்பினாள். புருவத்தில்கூடச் செம்பழுப்பாகப் பொடி அப்பியிருக்கும். வேணி ரயிலிலிருந்து இறங்கி வீட்டுக்கு வரும்போது அவள் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருப்பாள். அந்த முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட வேணி செருப்பை அவசரமாகக் கழற்றுவாள். பங்குனியில் இருமல் பிடித்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா இருமும்போதெல்லாம் வேணி புரண்டு படுப்பாள். தன்னால்தான், தன்னால்தான் என்று மனசு அடித்துக்கொள்ளும். ஜெசிந்தாவிடம் இப்போதாவது சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைப்பாள். காலையில் பாக்ஸைத் திறந்ததும், "ஆஹா" என்று ஏழு கை நீளும். நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப் போட்டுவிடுவாள்.

சித்திரையில் இருமல் முற்றிப்போய், நெஞ்சு டாக்டரைப் பார்க்க விழுப்புரம் போக வேண்டியதாகிவிட்டது.

"பஸ்ல போயிடலாமாக்கா?" என்று கேட்டாள் வேணி.

"பஸ்ஸுன்னா எனக்கு வாந்தி வரும்னு தெரியாதா? உன்கூட ரயில்லியே வர்றேன்."

ஸ்டேஷனில் வேணி வேறு பெட்டியைப் பார்த்து நடந்தாள். ஜன்னலிலிருந்து ஜெசிந்தா விடவில்லை. "ஏய் வேணி, எங்க போய்க்கினு இருக்க? ஜல்தி வா, எடம் போட்டு வச்சிருக்கேன்."

கோவிந்தம்மாளை ஜன்னலோரம் உட்கார வைத்தார்கள். கலைப்பிரியா சாயங்காலச் சாம்பாருக்குச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். சும்மா உட்காரத் தெரியாத கோவிந்தம்மாள் அதில் பாதியைத் தன் மடிக்கு வாங்கிக்கொண்டாள். மயிலம் தாண்டியது. பாக்ஸ்கள் திறந்தன. வேணியின் பாக்ஸில், வேறென்ன, மல்லாட்டைக் குழம்பு.

"குடுத்து வச்சவங்கக்கா நீங்க" என்றாள் ஜெசிந்தா. "நாங்க ஒரு வாய்க்கு அடிச்சிக்கிறோம். வேணி சமையல நீங்க தெனம் சாப்புடறீங்க."

கோவிந்தம்மாளின் விரல் வெங்காயத்தில் நின்றது. வேணியைப் பார்த்தாள். வேணி ஜன்னலுக்கு வெளியே, பார்க்க ஒன்றுமே இல்லாத ஒரு கரம்பு நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாம்மா" என்றாள் கோவிந்தம்மாள். "அவ கைக்கு அப்டி ஒரு ருசி."

வேணிக்குக் காது சுட்டது. அக்கா கோபித்திருந்தால் தாங்கியிருப்பாள். வீட்டுப் பெண்ணை வெளியாள் முன்னால் விட்டுக்கொடுக்காமல் அக்கா சொன்ன பொய்யைத் தாங்க முடியவில்லை.

ஜெசிந்தா பேச்சை விடவில்லை. "எங்க அண்ணன் மெஸ்ஸுக்குத்தான் ஒரு ஆளு அமையவே மாட்டேங்குது. பெரிய பேஜாரு. தை மாசமே இவகிட்ட கேட்டேன், தெரிஞ்சவங்க யாருனா இருக்காங்களான்னு. இல்லன்னுட்டா. யாரோ ஒரு அம்மா வந்தாங்க, அவங்களும் போன வாரம் நின்னுட்டாங்க. உங்களுக்கு யாரனா தெரியுமாக்கா?"

"தை மாசமா?" என்று கேட்டாள் கோவிந்தம்மாள்.

"ஆமா, பொங்கல் கழிச்சி."

கோவிந்தம்மாளுக்கு இருமல் வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினாள். கலைப்பிரியா தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். குடித்துவிட்டு, "எனக்கு யாரம்மா தெரியும்" என்று சொல்லி மறுபடி வெங்காயத்தை எடுத்தாள். இந்த முறை வேணியைப் பார்க்கவில்லை.

பேரணி போயிற்று. விக்கிரவாண்டி போயிற்று. பேச்சு வேறு எங்கோ போய்விட்டது. மாவு புளிக்காமல் இருக்க என்ன செய்வது என்று யாரோ கேட்டார்கள். அதைக்கூட வேணியைத்தான் கேட்டார்கள். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், தப்பித்துவிடலாம். அக்காவே மூடி வைத்துவிட்டாள். முண்டியம்பாக்கத்தில் வண்டி நின்று கிளம்பியபோது வேணி பேசினாள்.

"எனக்குத் தெரியாது. அக்காவ கேளுங்க. எல்லாம் அக்கா வச்சதுதான்."

"எது?" என்றாள் ஜெசிந்தா.

"எல்லாமே. மொத நாளு குழம்புலேர்ந்து. குரூப்புல போட்டது பூரா அக்கா சொன்னது. எனக்கு ஒரு ரசம் வெக்கத் தெரியாது."

கலைப்பிரியா விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். வேறு யாரும் சிரிக்காததால் நிறுத்திக்கொண்டாள்.

ஜெசிந்தா மெதுவாகக் கேட்டாள். "அப்ப தை மாசம் நான் கேட்டப்போ?"

"அப்பவும் அக்கா வேலை தேடிக்கினுதான் இருந்தாங்க. தெரிஞ்சேதான் இல்லன்னு சொன்னேன்."

வேணி அழவில்லை. அழுதால் யாராவது தட்டிக்கொடுப்பார்கள்; அதற்குத் தனக்கு யோக்கியதை இல்லை என்று நினைத்தாள்.

கோவிந்தம்மாள் உரித்த வெங்காயத்தைக் கலைப்பிரியாவின் கிண்ணத்தில் போட்டு, மடித் தோலை ஜன்னல் வழியே உதறினாள். பிறகு ஜெசிந்தாவிடம் கேட்டாள்.

"எத்தினி பேருக்கு ஆக்கணும்?"

"அறுவது சாப்பாடுக்கா."

"வெறவு அடுப்பா, காஸா?"

"காஸுதான்."

"டாக்டரு இன்னா சொல்றாருன்னு கேட்டுட்டுச் சொல்றேன்."

டாக்டர் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டுத் தூசிதான் காரணம் என்றார். இனி மில் பக்கமே போகக் கூடாது, மாத்திரை ஒரு மாதம் சாப்பிட்டால் சரியாகிவிடும். வெளியே மரப் பெஞ்சில் உட்கார்ந்தபோது வேணி சொன்னாள்.

"அக்கா, என்ன திட்டிடுங்க. ரெண்டு அறை கூட அறைங்க."

கோவிந்தம்மாள் மாத்திரைச் சீட்டை நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்தாள். "திட்டுனா உனக்கு லேசாயிடும்" என்றாள். "எனக்கு இன்னா ஆவும்?"

கோவிந்தம்மாள் பையிலிருந்து பாக்ஸை எடுத்து, மூடியில் பாதிச் சோற்றைப் போட்டு அவளிடம் தள்ளினாள். அந்தக் குழம்பைத்தான் வேணி சாப்பிட வேண்டியிருந்தது. சாப்பிட்டாள்.

அடுத்த திங்கட்கிழமை ஜெசிந்தாவின் அண்ணன் மெஸ்ஸில் சேர்ந்து, கோவிந்தம்மாளும் சீசன் டிக்கெட்காரி ஆனாள். சங்கவியின் பழைய போன் அவள் கைக்கு வந்தது. கலைப்பிரியா அவளைத் 'தாளிப்பு'வில் சேர்த்தாள். பழைய குறிப்புகளைத் திருத்த முடியுமா என்று வேணி போனில் தேடித் தேடிப் பார்த்தாள். இத்தனை நாள் ஆன செய்தியைத் திருத்த முடியாது என்றது. ஆகவே ஒரு நாள் ஒவ்வொன்றாகப் பின்னால் போய், ஒவ்வொன்றுக்கும் கீழே 'இது கோவிந்தம்மாள் அக்காவின் சமையல்' என்று பதில் எழுதினாள். நாற்பத்து மூன்று முறை எழுதினாள். ஒரே செய்தியில் மொத்தமாகச் சொல்லியிருக்கலாம். அவளுக்கு அது போதவில்லை. அன்று பகல் முழுவதும் ஒன்பது போன்கள் அடித்துக்கொண்டே இருந்தன.

சாயங்காலம் கோவிந்தம்மாள் சொன்னது இவ்வளவுதான். "சும்மா அடிச்சிக்கினே இருந்துச்சி போனு. கொஞ்சம் விட்டிருந்தா சாம்பார் அடிபுடிச்சிருக்கும்."

பெட்டியில் யாரும் வேணியை ஒதுக்கவில்லை. ஆனால் மயிலம் தாண்டியதும் கைகள் அவள் பாக்ஸ் பக்கம் வரவில்லை. வீட்டில் காலைச் சமையல் இப்போது வேணியுடையது. தென்னரசு எதுவும் பேசாமல் ஊறுகாயை அதிகம் போட்டுக்கொண்டான். சங்கவி கல்லூரி கேன்டீனில் சாப்பிடுவதாகச் சொல்லிவிட்டாள். வேணி தானே எழுதிய குறிப்பை வைத்துக்கொண்டு, தான் போட்ட ஸ்பூன் கணக்குப்படியே செய்தாள். ஒன்றும் சரியாக வரவில்லை.

மூன்றாவது வாரம் ஒரு நாள் துணிந்து மல்லாட்டைக் குழம்பு வைத்தாள். ரயிலில் பாக்ஸைத் திறந்து, யாரும் கேட்காமலே கோவிந்தம்மாளிடம் நீட்டினாள். கோவிந்தம்மாள் ஒரு வாய் எடுத்துப் போட்டு நிதானமாக மென்றாள்.

"எப்டி இருக்குதுக்கா?" என்று ஜெசிந்தா கேட்டாள்.

டாக்டரிடம் போன அன்று இதே இடத்தில் உட்கார்ந்து, வேணிக்காகப் பொய் சொன்ன வாய் அது. இன்னொரு முறை அந்தப் பொய் வந்துவிடக் கூடாது என்றுதான் வேணி பயந்தாள்.

"நல்லா இல்ல" என்றாள் கோவிந்தம்மாள். "புளி பச்ச வாட அடிக்குது. கொதிக்கறதுக்குள்ள மல்லாட்டையக் கொட்டிட்டா."

கலைப்பிரியா சமாதானமாக ஏதோ சொல்ல வந்தாள். வேணி கையமர்த்தி, "அக்கா சொல்றது சரிதான்" என்றாள்.

கோவிந்தம்மாள் பாக்ஸை மூடி அவள் மடியில் வைத்தாள்.

"நாளைக்கும் வச்சிக் கொண்டா" என்றாள். "பாக்கலாம்."