மனைவியின் வீட்டில் நான் பதித்த தரை

என் மனைவியையும் அவள் தம்பியையும் பிரித்தவன் நான். ஒரு குளியலறைத் தரைக்காகப் பிரித்தேன்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். மண்ணுக்காகவும் பொன்னுக்காகவும் குடும்பங்கள் உடைந்ததைப் படித்திருப்பீர்கள். ஆறடிக்கு நான்கடிக் குளியலறைக்காக உடைந்ததை இப்போதுதான் கேள்விப்படுகிறீர்கள்.

எங்கள் மட்டக்களப்பில் வீடு பெண்ணுக்குரியது. மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து சேருவார். இந்த வீட்டைத் தன் அக்காவுக்கென்று கட்டியவன் நாதன். மேசன். கடைசிச் சுவரைப் பூசி முடித்த பிறகுதான் தனக்குப் பெண் பார்க்கவே சம்மதித்தான். ஆக, இருபத்தாறு வருடங்களாக நான் ஓர் ஆணி அடித்தாலும் அது அவன் கட்டிய சுவர்!

குளியலறைத் தரை வெடித்தபோது, "தம்பிக்குப் போனில ஒரு கோல் எடுங்க, வந்து செய்து தருவான்" என்று சொல்லிவிட்டுப் புஸ்பம் திருகோணமலைக்கு, மகள் வீட்டுக்குப் போனாள். தலையாட்டினேன். எடுக்கவில்லை.

ஏன்? இந்த வீட்டில் ஒரு சதுர அடியாவது என் கையால் ஆனதாக இருக்கட்டுமே என்ற ஆசை... அலமாரி நிறையப் படித்தவனுக்குச் சாந்து குழைக்க வராதா? கைபேசியில் நான்கு காணொளிகள் பார்த்தேன். ஒருவன் பாட்டுக் கேட்டபடியே டைல்ஸ் பதித்தான். நானும் பாட்டுப் போட்டேன். அந்த அளவில் எங்கள் வேலைகள் ஒத்திருந்தன.

திரும்பி வந்த புஸ்பம் கதவடியில் நின்று பார்த்தாள்.

"இதென்ன, எருமை உழக்கின வயல் வட்டை மாதிரிக் கிடக்கு? தம்பியா செய்தவன்?"

நான்தான் என்றிருக்கலாம். ஒரு வாரம் நக்கலடித்திருப்பாள்... அவ்வளவுதான்! வாய் முந்திக்கொண்டது.

"உன்ட தம்பிக்கு நேரமில்லையாம். வேற மேசனைப் பிடிக்கச் சொன்னான். இது வாழைச்சேனைப் பக்கத்து ஆள். ரவியாம் பேர்."

"அக்காட வீட்டுக்கு நேரமில்லையாமா?" என்றாள், வேறு யாரிடமோ கேட்பதைப் போல. அவனிடம் கேட்க அவளுக்கு ரோசம் விடவில்லை.

நகைச்சுவை என்று எத்தனையோ எழுதியிருக்கிறேன். நான் படைத்தவர்களில் வாசகர் முழுதாக நம்பியது அந்த ரவி ஒருவனைத்தான்.

மறுமாதம் அந்தத் தரையில் வழுக்கி விழுந்தாள். தண்ணீர் ஓடுவதற்கு நான் வாட்டம் வைக்கவில்லை. குழாயடியில் தேங்கி நின்றது. இடுப்பெலும்பு முறிந்தது. செய்தி கேட்டு நாதன் வாவிக்கு அக்கரையிலிருந்து ஓடி வந்தான். ஆசுபத்திரிக் கட்டிலில் அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். கொண்டுவந்த பழங்களை என்னிடம் தந்துவிட்டுப் போனான். அவற்றைத் தின்றதும் நானே!

அவளை மகள் கூட்டிக்கொண்டு போனாள். எட்டு மாதங்கள்... என் குரல் எனக்கே மறந்துவிடும் என்ற பயத்தில் பல்லிக்கும் பதில் சொல்லத் தொடங்கினேன்.

சென்ற வாரம் நாதன் கருவிப் பையோடு வந்தான். யாரும் கூப்பிடவில்லை. குந்தியிருந்து தரையைத் தடவினான்.

"ஆரோ வெளி மேசனெண்டாங்க. இது மேசன்ட வேலை இல்லையே, அத்தான். நீங்கதானே?"

"ஓம்."

"அக்காட்டச் சொல்லிராதீங்க. விழுந்ததுக்கு உங்களைப் பேசியே கொல்லுவா" என்று சிரித்தான். "எனக்கொரு கோல் எடுத்திருந்தா வந்திருப்பன்தானே?"

மூன்று நாள் உடைத்தான், பதித்தான். நான் தேநீர் ஊற்றினேன். கடைசி நாள், கை கழுவியபடியே கேட்டான்.

"அக்கா ஏன் அத்தான் என்னோட கதைக்கிறா இல்ல? நான் என்ன பிழை செய்தன்?"

அவன் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. உண்மையைச் சொல்ல அதைவிட இலகுவான கணம் இனி எனக்கு வாய்க்குமா?

"தெரியா மச்சான்" என்றேன். "அவ வரட்டும், மறுகா கேட்டுப் பாக்கிறன்."

பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

நேற்றுப் புஸ்பம் கைபேசியில் பேசினாள். தரை சரியாகிவிட்டது என்றதும் அவள் குரலில் எத்தனை மகிழ்ச்சி! வெள்ளிக்கிழமை வருகிறாளாம்.

"ஆர் செய்தது?" என்றாள்.

நாதன் என்று சொன்னால், நேரமில்லை என்றவன் எப்படி வந்தான் என்று கேட்பாள். அந்த ஒரு கேள்வி போதும்... "வந்து பாரன்" என்று சமாளித்துவிட்டேன்.

வெள்ளிக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. இன்னொரு மேசனுக்குப் பெயர் தேடிக்கொண்டிருக்கிறேன்.