வர முடியாது என்று சொன்னவர்

பன்றிக் காய்ச்சல் பரவிய வருடம். விருத்தாசலம் ஜங்ஷனில் நான் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு மத்தியானம் சென்னை ரயிலில் வந்திறங்கிய ஒருவர், செராமிக் கம்பெனிகள் இருக்கும் பக்கம் போகச் சொன்னார். நரைத்த மீசை, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. வழியெல்லாம் செல்போனை எடுத்துப் பார்ப்பதும், பேசாமல் பையில் வைப்பதுமாக இருந்தார்.

ஒரு வீட்டின் எதிரே ஆட்டோவை நிறுத்தச் சொன்னவர், இறங்கவில்லை.

"இந்த வூடு இல்லீங்களா சார்?"

"இதேதான். நோயாளிகள விமானத்துல கொண்டுபோற கம்பெனிக்கு நான் பொறுப்பு. இந்த வீட்டுப் பொண்ணு பூனாவுல காய்ச்சலோட கிடந்துச்சு. சென்னைக்குக் கொண்டுவரச் சொல்லி அவங்க அப்பா போன்ல அழுதாரு. இருந்தது ஒரே விமானம். அத வேற ஒருத்தருக்கு அனுப்பிட்டேன். மறுநாள் பொண்ணு போயிடுச்சு."

"அந்த இன்னொருத்தரு?"

"பொழச்சிட்டாரு. நன்றி சொல்லணும்னு தினமும் கூப்பிடுறாரு. என்னால எடுக்க முடியல."

"நானும் கூட வரட்டுங்களா சார்?"

வேண்டாமென்று தலையசைத்துவிட்டுத் தனியாகப் போனார். கதவைத் திறந்த பெரியவரிடம் ஏதோ சொன்னார்.  பெரியவர் அவரை உள்ளே கூட்டிப்போனார்.

அரைமணி கழித்து அவர் திரும்பி வந்தார்.

"என்ன சார் சொன்னாங்க?"

"பொழச்சவரு இப்ப நல்லா இருக்காரான்னு கேட்டாங்க."

ஸ்டேஷனுக்குத் திரும்பியதும் பிளாட்பாரத்தின் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். நானும் பின்னாலேயே போய் நின்றேன்; வெளியே சவாரி கூப்பிட்டார்கள். அவர் ரயில் ஏறும்வரை எனக்குப் போக மனம் வரவில்லை.