காற்றழுத்தம் குறைந்த காலை

தொண்ணூறுகளில் தாம்பரத்தைத் தாண்டி ஒரு புற்றுநோய் மருத்துவமனையில் எனக்கு வேலை. கதிர்வீச்சின் அளவை அளந்து சொல்ல வேண்டும். எலக்ட்ரான் கற்றை பாய்ச்சும் மெஷின் புதிதாக வந்திருந்தது. தினமும் காலையில் வேர்க்கடலைப் பருமனுள்ள ஒரு கருவியைத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி, கற்றை சரியாக வருகிறதா என்று பார்ப்பேன். கருவிக்குள் இருப்பது துளி காற்றுதான். அந்தக் காற்றில் எவ்வளவு மின்னூட்டம் உண்டாகிறது என்பதே கணக்கு. அதனால் அன்றைய வெப்பத்தையும் காற்றழுத்தத்தையும் சேர்த்துத் திருத்த வேண்டும். வெப்பத்தை ஒழுங்காகப் பார்ப்பேன். காற்றழுத்தம் நம்ம ஊரில் எங்கே மாறப்போகிறது என்று திங்கட்கிழமை மட்டும் பார்த்துப் பலகையில் எழுதி, வாரம் முழுக்க அதையே போட்டுவிடுவேன். சோம்பேறித்தனம், வேறென்ன!

ஒரு வெள்ளிக்கிழமை, புயல் மழை. கன்னத்தில் புற்றோடு பீர்க்கன்கரணையிலிருந்து ஒரு பால்கார அக்கா முழங்கால் தண்ணீரில் நடந்து வந்து பஸ் பிடித்திருந்தார். அன்றுதான் அவருக்கு முதல் சிகிச்சை.

அளந்தால் மூன்று சதவீதம் குறைவு. மறுபடி அளந்தேன், அதே குறைவு. “வயர்ல யார் கை வச்சது?” என்று டெக்னீஷியனைப் பிடித்துக் கத்தினேன். பாவம், அவர் அப்போதுதான் சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தார். சரி, மெஷின்தான் தளர்ந்துவிட்டது, அளவை ஏற்றிவிடலாம் என்று ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்துவிட்டேன்.

கதவைத் தள்ளிக்கொண்டு அக்கா எட்டிப் பார்த்தார்.

“இன்னா மேடம், இன்னும் எம்மா நேரம்? காத்தழுத்தம் கொறஞ்சு போச்சுன்னு ரேடியோல காலைலேர்ந்து கத்திக்கினு கீறான். பஸ்ஸு நின்னுட்டா நான் எப்டி வூடு போறது? மாடுங்கள யாரு பாத்துக்குவாங்க?”

“கொஞ்சம் சும்மா இருங்கக்கா!” என்று எரிந்து விழுந்தேன். அப்புறம்தான் உறைத்தது. அட கடவுளே, காற்றழுத்தம்! அதே செய்தியைக் கேட்டுக்கொண்டேதான் நானும் இட்லி தின்றுவிட்டு வந்திருந்தேன்.

ஓடிப்போய்ப் பாரோமீட்டரைப் பார்த்தேன். முள் நன்றாக இறங்கியிருந்தது. கருவிக்குள் காற்று குறைந்ததால்தான் எண்ணும் குறைந்திருக்கிறது. மெஷின்மேல் தப்பே இல்லை. புது அழுத்தத்தைப் போட்டுப் பார்த்தால் அளவு கச்சிதம். ஏற்றியிருந்தால் அந்தக் கன்னத்துக்கு வேண்டாத கதிர் போயிருக்கும். ஸ்க்ரூடிரைவரை டிராயருக்குள் போட்டு மூடினேன்.

நடந்ததை அக்காவிடம் சொன்னேன்.

“அடப்பாவமே! அத்தத்தானே நான் கதவாண்ட நின்னு கத்தினேன்! முன்னாடியே கூப்ட்டு கேட்டிருக்கலாம்ல?” என்று சிரித்தபடியே மேசையில் ஏறிப் படுத்தார். டெக்னீஷியனிடம் மன்னிப்புக் கேட்கத்தான் எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

புற்று கரைந்தது. அதன்பின் பல வருஷம் செக்கப்புக்கு வந்தார். மே மாத வெயில் மண்டையைப் பிளந்தாலும் வாசலிலிருந்தே குரல் வரும்:

“இன்னா மேடம், காத்தழுத்தம் பாத்தியா?”

“பாத்துட்டேன்க்கா, காலைலயே பாத்துட்டேன்” என்பேன். அந்தக் கன்னத்தைக் காணும்போதெல்லாம் அப்படியொரு சந்தோஷம் எனக்கு.