சகலை வாங்கிய பணியாரக்கல்

ஒரு பணியாரக்கல்லைப் பார்த்து வயிறெரிகிற ஆள் இந்த உலகத்தில் இருப்பானா என்று கேட்டால், இருக்கிறான். சிட்னியில், கெல்லிவில்லில் இருக்கிறான். நான்தான். கல்லுக்கு என்மேல் எந்த வருத்தமும் கிடையாது. எனக்குத்தான் அதைக் கண்டால் ஆகாது. சனிக்கிழமை காலையில் மனைவி அதை அடுப்பில் வைத்து, குழிகுழியாக எண்ணெய் விடும்போதே ஆரம்பித்துவிடுவாள்: “அத்தான் வாங்கிக் கொடுத்த கல்லு. எப்படி ஒட்டாம வருது பாருங்க!” நான் தட்டு நிறைய வாங்கித் தின்றுவிட்டு, “ம், பரவாயில்லை” என்பேன். மறுபடியும் தட்டை நீட்டுவேன்.

அத்தான் என்றால் என் சகலை, அதாவது மனைவியின் அக்கா கணவர். யாழ்ப்பாணத்துக்காரர். மெல்பேர்னில், டண்டினொங்கில் ஒரு வேர்ஹவுஸில் வேலை. எங்கள் மாமனார் காரைக்குடிக்காரர். கடல் தாண்டிய சம்பந்தம் என்று முதலில் முகத்தைத் தூக்கி வைத்திருந்தவர். சகலை போனில் ஒரே ஒரு தடவை, “சுகமா இருக்கிறீங்களோ மாமா?” என்று கேட்டார். மாமனார் உருகிவிட்டார். நானும் கல்யாணமான நாளிலிருந்து “நல்லா இருக்கீங்களா மாமா” என்று வாராவாரம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். இன்றுவரை யாரும் உருகியதாகத் தகவல் இல்லை.

ஜப்பானில் யென் மதிப்பு விழுந்துகிடக்கிறது என்று ஆஸ்திரேலியாவே பெட்டி கட்டிய சமயத்தில், நாங்களும் கட்டினோம். பிள்ளைகள் வரமாட்டோம் என்றுவிட்டார்கள். அக்கா, தங்கை, இரண்டு சகலைகள், நான்கு பேர் மட்டும் கியோட்டோவில் இறங்கினோம்.

முதல் நாள் சாப்பாட்டுச் சந்தை. கூரை போட்ட நீளமான சந்து, இரண்டு பக்கமும் கடைகள். ஊறுகாய் மட்டுமே விற்கும் கடை, காய்ந்த மீனைச் சீவிச் சீவிக் குவித்திருக்கும் கடை, முட்டையைப் பாய் மாதிரிச் சுருட்டி வெட்டித் தரும் கடை. நான் ஒரு குச்சியில் மீனை வாங்கிக் கடித்துக்கொண்டே நடந்தேன். எங்கிருந்தோ ஒரு அம்மாள் ஓடிவந்து, இரண்டு கையையும் நீட்டி மறித்து, சுவரில் இருந்த பலகையைக் காட்டினாள். நடந்துகொண்டே சாப்பிடக் கூடாதாம். என்னை ஒரு மூலையில் கொண்டுபோய் நிறுத்தினாள். வகுப்புக்கு வெளியே நிற்கிற பையனைப்போல நின்று மென்றேன்.

அங்கே நின்றபடி சகலையைப் பார்த்தேன். அவர் ஊறுகாய்க் கடை முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். கடைக்காரப் பெண் ஒரு துண்டு கத்தரிக்காய் ஊறுகாய் கொடுத்தாள். வாயில் போட்டு, கண்ணை மூடி, தலையை மெல்ல ஆட்டினார். அவ்வளவுதான். முள்ளங்கி வந்தது. பிறகு வெள்ளரிக்காய். பிறகு உள்ளே இருந்து வேறொரு பரணி வெளியே வந்தது, விற்பனைக்கே வைக்காத பரணி.

“தம்பி, இங்க வாரும், இதைச் சாப்பிட்டுப் பாரும்!” என்றார்.

போனேன். நானும் கண்ணை மூடித் தலையை ஆட்டினேன். கண்ணைத் திறந்தபோது அந்தப் பெண் வேறு ஆளைக் கவனித்துக்கொண்டிருந்தாள்.

சந்தின் கோடியில்தான் அது நடந்தது. ஒருவர் குழி வைத்த இரும்புக் கல்லில் மாவை ஊற்றி, நீளக் கம்பியால் குத்திக் குத்தித் திருப்பிக்கொண்டிருந்தார். அக்காவும் தங்கையும் ஒரே குரலில் கத்தினார்கள்: “அய்யோ, பணியாரம்!” உள்ளே ஆக்டோபஸ் துண்டு வைக்கிறார்கள் என்பதைத் தவிர மற்றதெல்லாம் சாட்சாத் காரைக்குடிதான்.

மனைவிக்கு அது வெறும் வேடிக்கை இல்லை. கல்யாணமாகி வந்ததிலிருந்து அவளுக்கு ஒரு நல்ல கல் வாய்க்கவில்லை. இங்கே இந்தியக் கடையில் வாங்கிய நான்ஸ்டிக்கில் பூச்சு உரிந்து பணியாரத்தோடு வயிற்றுக்குள் போகும். ஊரிலிருந்து இரும்பில் கொண்டுவரலாம் என்றால், ஒவ்வொரு தடவையும் பெட்டியின் எடையைக் காட்டி அதை வெளியே எடுத்து வைத்தவன் நான். அன்றைக்கு அந்த ஆளின் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தவள் சொன்னாள்: “நல்லாப் பழகின இரும்பு. இந்த மாதிரி ஒண்ணு கிடைச்சா போதும். இந்த ட்ரிப்ல எனக்கு வேற எதுவுமே வேண்டாம்.”

அவள் சொன்னது சகலை காதிலும் விழுந்தது, என் காதிலும் விழுந்தது. நான் வாங்கிக் கொடுக்க வேண்டும், அதுவும் இவர் வாங்குவதற்கு முன்னால் வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தேன். ஒரே ஒரு தடவை அவள் அக்காவிடம் என்னைப் பற்றிப் பெருமையாகப் பேசிக் கேட்டுவிட வேண்டும்.

அடுத்த நாள் நீலச் சாயம் தோய்க்கும் பட்டறைக்குப் போனோம். கைக்குட்டையை மடித்து, நூலால் கட்டி, தொட்டியில் முக்கி எடுக்க வேண்டும். சகலையுடையது பிரித்தபோது பூ விரிந்த மாதிரி வந்தது. பட்டறைக்காரர் அதை ஜன்னலில் மாட்டிப் படமெடுத்தார். என்னுடையதைப் பார்த்துவிட்டு, பெரிய மனது பண்ணி, “கடல்” என்றார்.

இந்தக் காந்தலோடுதான் மூன்றாம் நாள் கோயில் வளாகத்துப் பழைய சாமான் சந்தைக்குப் போனேன். வாசலிலேயே பாத்ரூம் என்று சொல்லிக் கழன்றுகொண்டேன். கிமோனோக் குவியல், ஓடாத கடிகாரங்கள், மூக்கு உடைந்த பொம்மைகள் எல்லாவற்றையும் தாண்டி ஒரு தார்ப்பாயில் பார்த்தேன். கன்னங்கரேலென்று கல். குழிகள் வழவழவென்று இருந்தன. கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தேன்.

தொப்பி போட்ட வயசானவர் ஒரு முக்காலியில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். விலையை அட்டையில் எழுதிக் காட்டினார். சிட்னியில் இரண்டு காபிக்குக்கூடப் போதாத தொகை. எடுத்துக் கொடுத்திருந்தால் முடிந்தது. ஆனால் நான் வளர்ந்தது தி. நகர். சொன்ன விலையைக் கொடுத்தால் எனக்குக் காய்ச்சல் வந்துவிடும். பாதி விலையைப் போனில் அடித்துக் காட்டினேன். புன்னகையோடு தலையாட்டி மறுத்தார். உதட்டைப் பிதுக்கினேன், கல்லைக் கீழே வைத்தேன், “வேண்டாம்” என்று கையை வீசிவிட்டு நடந்தேன்.

ரங்கநாதன் தெருவில் இப்படி நடந்தால் முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் வரும்: “சார், சார், சரி, கடைசியா சொல்லிட்டுப் போங்க!” அந்தக் குரலுக்காகத்தான் மெதுவாக நடந்தேன். வரவில்லை. கிமோனோக்களுக்கு நடுவிலிருந்து எட்டிப் பார்த்தேன். அவர் எழுந்து நின்று என்னைக் கும்பிடாத குறையாகக் குனிந்தார். திரும்பி அவர் கடை வழியாகவே, கல்லைப் பார்க்காத மாதிரிப் பெருமூச்சு விட்டுக்கொண்டு போனேன். மறுபடியும் குனிந்தார். கொஞ்ச நேரம் ஒரு பொம்மையை ஆராய்ந்துவிட்டு, வாட்சைப் பார்த்துக்கொண்டு அவசரமாகக் கடந்தேன். குனிந்தார். கூப்பிடவே இல்லை.

சரி, பசிக்கட்டும் இவருக்கு என்று ஒரு பெரிய சுற்றுப் போய்வந்தேன். வந்து பார்த்தால் தார்ப்பாயில் கல் இருந்த இடம் காலி.

மதியம் நூடுல்ஸ் கடையில் சகலை தன் துணிப்பையிலிருந்து செய்தித்தாள் சுற்றிய பொட்டலத்தை எடுத்தார். “இந்தா பிள்ளை, நீர் கேட்ட கல்லு” என்று என் மனைவியிடம் நீட்டினார். அவள் பிரித்தாள். கண் கலங்கிவிட்டது. பதினைந்து வருடத்தில் நான் வாங்கிக் கொடுத்த எதற்கும் கலங்காத கண். “அத்தான், எப்படித்தான் கண்டுபிடிச்சீங்க!”

“அதில என்ன இருக்கு, கேட்டன், தந்தார்” என்றார்.

“கொஞ்சம் துரு இருக்கிற மாதிரி இருக்கே” என்றேன். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் நூடுல்ஸைப் பார்த்தேன்.

அவர்கள் மெல்பேர்ன் விமானம், நாங்கள் சிட்னி. எனவே அந்தக் கல் என் பெட்டியில், என் சட்டைகளுக்கு நடுவில் வந்தது. சிட்னி விமான நிலையத்தில் நம் ஆட்கள் எல்லோரும் கருவாடும் கருவேப்பிலையும் மாட்டக் கூடாதே என்று சாமியைக் கும்பிடுவார்கள். மாட்ட வேண்டும் என்று கும்பிட்டவன் நான் ஒருவன்தான். பழைய கல், எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், பிடுங்கிக் குப்பையில் போடுவார்கள் என்று ஆசையோடு நானே முந்திக்கொண்டு டிக்ளேர் பண்ணினேன். அதிகாரிப் பெண் கல்லை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சுத்தமாக இருக்கிறது, இதில் என்ன செய்வீர்கள் என்று மனைவியிடம் கேட்டாள். மனைவி வெல்லப் பணியாரத்திலிருந்து ஆரம்பித்தாள். பின்னால் வரிசை நின்றுகொண்டே இருந்தது. கடைசியில் அந்தப் பெண் ரெசிபியைக் கேட்டு வாங்கிக்கொண்டு கல்லைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

இந்த ஈஸ்டர் விடுமுறைக்கு சகலை குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். காலையில் பணியாரம். “அத்தான் இல்லேன்னா இந்த வீட்ல பணியாரமே கிடையாது” என்று மனைவி அவர் தட்டில் முதல் ஈடு முழுவதையும் கவிழ்த்தாள். எனக்கு இரண்டாம் ஈடு. அக்காவும் தங்கையும் சட்னிக்குத் தாளிக்க உள்ளே போனதும், இனித் தாங்காது என்று நாற்காலியை அவர் பக்கம் இழுத்தேன்.

“அண்ணா, ஒண்ணு சொல்லணும்.”

“சொல்லும்.”

“அந்தக் கல்லை முதல்ல பார்த்தது நான்தான். நீங்க அங்க வர்றதுக்கு முன்னாடியே கையில எடுத்துட்டேன். விலைகூடப் பேசிட்டேன். சும்மா ஒரு சுத்து போயிட்டு வந்து வாங்கலாம்னு இருந்தேன், அதுக்குள்ள நீங்க வாங்கிட்டீங்க. இது உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. அவகிட்ட நீங்களே ஒரு வார்த்தை சொன்னா நல்லா இருக்கும்.”

சகலை வாயில் இருந்ததை நிதானமாக மென்று முடித்தார்.

“ஓம் தம்பி, அந்தக் கடைக்காரர் உம்மட பெருமூச்சு வரைக்கும் நடிச்சே காட்டினவர்.”