பளபளக்கும் பச்சை

ஜேர்மனியில், ஊன்ட்றொப் அம்மன் கோயிலிலிருந்து இரண்டு பேருந்துத் தரிப்பிடம் தள்ளி, சூதாட்ட விடுதிகளுக்குப் பகடை செய்யும் சிறிய பட்டறை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். பிளாஸ்டிக் கட்டையில் என்ன பெரிய வித்தை இருக்கப்போகிறது என்று அலட்சியமாகத்தான் உட்கார்ந்தேன். முதல் நாளே வாயடைத்துப் போனேன். பகடையைப் பத்திரிகை மேல் வைத்தால் அதனூடாக எழுத்தை வாசிக்கலாம். உள்ளே யாரும் ஈயம் ஒளிக்க முடியாதபடி அப்படியொரு தெளிவு. புள்ளிகளைக் குடைந்து, வெள்ளைச் சாயத்தால் நிரப்பி, மட்டமாக இழைத்திருப்பார்கள்; நகத்தால் தடவினாலும் எங்கும் தடக்காது. மேற்பரப்பு இரண்டு வகை. ஒன்று வழுவழுப்பு, விளக்கடியில் பளபளக்கும். மற்றது மங்கல், குளிர்காலத்துப் பேருந்து ஜன்னலில் மூச்சுப் பட்டதுபோல இருக்கும். எந்த வெளிச்சத்திலும் கண் கூசாது. நீலத்தில் அந்த மங்கலைப் பார்த்துக்கொண்டிருந்து சாப்பாட்டு நேரத்தை மறந்திருக்கிறேன்.

நீலம் எனக்குத் தெரியும். சிவப்பும் பச்சையும்தான் பிறவியிலிருந்தே என் கண்ணுக்கு ஒன்று. வேலைக்குச் சேரும்போது இதைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. ஆறு மாதச் சோதனைக்காலம் முடிந்து நிரந்தர ஒப்பந்தம் கையில் வந்தால்தான் யாழ்ப்பாணத்தில் இருக்கும் மனைவியைக் கூப்பிட விண்ணப்பிக்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். என் வேலையோ, பகடைகளை நிறம் பார்த்து ஐந்தைந்தாகப் பெட்டியில் அடுக்குவது!

என்னைக் காப்பாற்றியது மேற்பரப்பு. எங்கள் பட்டறையில் சிவப்பு எப்போதும் வழுவழுப்பு, பச்சை எப்போதும் மங்கல். விரல் பட்டதும் நிறத்தைச் சொல்லிவிடுவேன். ஐந்து மாதம் ஒரு பிழை இல்லை. என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஆறாவது மாதம் வழுவழுப்பான பச்சைக்கு ஓடர் வந்தது. கழுவி அனுப்பிய பகடைத் தட்டில் சிவப்பும் அதுவும் கலந்து வந்தன. பக்கத்து மேசையில் புள்ளி நிரப்பும் யாழ்ப்பாணத்து அக்கா என் பெட்டியை எட்டிப் பார்த்தார்.

“தம்பி, சிவப்புக்குள்ளை ஏன் பச்சையைப் போட்டு வைச்சிருக்கிறீர்?”

“அவசரத்திலை மாறிப்போச்சு, அக்கா.”

அடுத்த பெட்டியையும் திறந்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். “உமக்கு வித்தியாசம் தெரியேல்லையோ?”

“இல்லை அக்கா. பிறந்ததிலையிருந்தே தெரியாது.”

“சரி, விடும். நான் பிரிச்சுத் தாறன், நீர் அடுக்கும். ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்.”

இரண்டு நாள் அப்படியே ஓடியது. மூன்றாம் நாள், அக்காவின் வேலை தேங்கிவிட்டதென்று மேற்பார்வையாளரான ஜேர்மன் பெண் அவரை எல்லார் முன்னும் கடிந்துகொண்டார். அக்கா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. எனக்கு வெட்கம் தாங்கவில்லை. நேரே மேற்பார்வையாளரிடம் போய் உண்மையைச் சொன்னேன்.

அவர் ஒரு பகடையை என் உள்ளங்கையில் வைத்தார். “என்ன நிறம்?”

“தெரியாது. ஆனால் நான்கு புள்ளி உள்ள பக்கத்தில் ஒரு கீறல் இருக்கிறது.”

விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். லென்ஸ் வைத்த பிறகுதான் அவருக்கு அது தென்பட்டது. முதலிலேயே சொல்லாததற்கு நன்றாக ஏசினார். ஏசி முடித்ததும் கீறல் பார்க்கும் மேசைக்கு என்னை மாற்றினார். மாத முடிவில் ஒப்பந்தம் வந்தது.

அன்று மனைவிக்கு வீடியோவில் எல்லாவற்றையும் சொன்னேன். என் கண்ணின் கதை அவளுக்கும் அதுவரை தெரியாது. துள்ளிக் குதிப்பாள் என்று பார்த்தால் புருவத்தைச் சுருக்கினாள்.

“அப்ப என்ரை கூறைச்சீலை?” என்றாள். “அந்தச் சிவப்புக்கு எத்தினை கடை ஏறி இறங்கினனான்!”

“சிவப்புத் தெரியேல்லை. இடது தோளடியிலை சரிகை நூல் ஒண்டு எழும்பி நிண்டது. அது தெரிஞ்சது.”

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். “தாலி கட்டி முடியுமட்டும் அதை மாலையாலை மறைச்சுக்கொண்டு இருந்தனான். ஒருத்தரும் காணேல்லையெண்டு நினைச்சன்.”