சத்தம் போட்ட சிஸ்டர்

என் அப்பாவைக் காப்பாற்றியது யார் என்று கேட்டால் எங்கள் சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு பதில் வைத்திருக்கிறார்கள். குலதெய்வம் என்பார்கள், மைசூர் டாக்டர்கள் என்பார்கள், அவருக்கு ஆயுசு கெட்டி என்பார்கள். எல்லாம் சரிதான். டாக்டர்கள் இல்லாவிட்டால் அப்பா இல்லை. ஆனால் பிழைத்தே தீருவது என்று அப்பா தனக்குள் முடிவு கட்டியதற்குக் காரணம் ஒரு நர்ஸ். அதைச் சொன்னால் சிலருக்கு முகம் சுருங்குகிறது. அவர்களுக்காகவே இதைக் கொஞ்சம் உரக்க எழுதுகிறேன்.

கொள்ளேகாலைத் தாண்டி, தமிழும் கன்னடமும் பேசும் கௌதள்ளிக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் காடு உண்டு. மழையை நம்பிய நிலத்தை எங்கள் பக்கம் காடு என்றுதான் சொல்வோம். ராகியும் மக்காச்சோளமும் போடுவார் அப்பா. நான் மைசூரில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். ஒருநாள் காலை காட்டுக்குப் போகும் வழியில் அப்பாவின் காலிலிருந்து செருப்பு கழன்று போயிருக்கிறது. கழன்றதே அவருக்குத் தெரியவில்லை. மறுநாள் கால்கள் நிற்க மறுத்தன. கொள்ளேகாலில் பார்த்தவர்கள் உடனே மைசூருக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். ஆம்புலன்ஸ் இங்கே வந்து சேர்ந்தபோது அவரால் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. பிறகு மூச்சும் திணறியது.

உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே திரும்பி நின்று நரம்புகளைத் தாக்குகிறது என்று டாக்டர் விளக்கினார். மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை. எல்லாம் கேட்கும், எல்லாம் புரியும், அசைய மட்டும் முடியாது. நிறையப் பேர் மீண்டு வருகிறார்கள், ஆனால் மாதக்கணக்கில் ஆகலாம், உறுதியாக எதுவும் சொல்ல முடியாது என்றார். முதலில் வாய் வழியாகக் குழாய் விட்டு, சில நாள் கழித்து அப்பாவின் தொண்டையில் துளை போட்டு இயந்திரத்தோடு இணைத்தார்கள். ஆறடி மனிதர், கண் இமைகள் தவிர வேறெதுவும் அசையாமல் கிடந்தார்.

அந்த ஐ.சி.யூ.வில் பகல் நேரத்தில் அப்பாவைப் பார்த்துக்கொண்டவர்தான் நான் சொல்லும் நர்ஸ். முப்பது வயதைத் தாண்டியிருப்பார். மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க் கிறிஸ்தவப் பெண். பேச்சில் பாதி கன்னடம். நர்ஸ் என்றால் மெல்லிய குரலும் சாந்தமான முகமும் என்று நினைத்திருந்தேன். இவருக்குக் கண்டக்டர் குரல். வார்டின் இந்த முனையில் பேசினால் அந்த முனையில் கேட்கும்.

முதல் நாள் நான் கட்டிலருகே நின்று தேம்பியபோது என் தோளைப் பிடித்துத் திருப்பினார்.

"அழணும்னா வெளில போய் நல்லா அழு. முடிச்சுட்டு மொகம் கழுவிட்டு வா. அவர் உன் மொகத்தப் பார்த்துத்தான் தன் நெலமையத் தெரிஞ்சுக்கறாரு, அல்வா?"

அல்வா என்றால் கன்னடத்தில் இல்லையா என்று அர்த்தம். எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். அப்போது அவர் அப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தார். "அப்பா, இப்போ உங்க வலது கையத் தூக்கப் போறேன். சொல்ப வலிக்கும். வலிச்சா ரெண்டு தடவ கண்ண மூடுங்க." அப்பா இரண்டு தடவை கண்ணை மூடினார். "சரி, இன்னும் மெதுவா." அவ்வளவுதான். அதற்கு முன்பு பலர் அப்பாவைப் புரட்டினார்கள், துடைத்தார்கள், ஊசி போட்டார்கள். எல்லாருமே வேலையைச் சரியாகத்தான் செய்தார்கள். தொடுவதற்கு முன் அவரிடம் சொன்னவர் இவர் ஒருவர்தான்.

குழாயை ஒட்டும் பிளாஸ்திரிக்காக அப்பாவின் மீசையை எடுத்துவிட்டிருந்தார்கள். இந்த நர்ஸ் என் போனில் அப்பாவின் பழைய போட்டோவைக் காட்டச் சொல்லி உற்றுப் பார்த்தார். தொண்டைக்குக் குழாய் மாறியதும் மீசையை வளரவிட்டு, போட்டோவில் இருந்தது போலவே ஓரங்களைக் கத்தரித்தார். ஊரில் மழையா வெயிலா என்று என்னிடம் கேட்டுக்கொண்டு போய் அப்பாவிடம் சொல்வார். "பக்கத்து ராமாபுரத்துல நேத்து நல்ல மழையாம் அப்பா. உங்க ஊர்ல மட்டும் தூறலாம். யாரு என்ன பாவம் பண்ணீங்களோ!" அப்பாவின் கண்கள் சிரிக்கும். கண்கள் மட்டும் சிரிப்பதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

இப்படி வாரங்கள் போய்க்கொண்டிருந்தபோதுதான் பெரியப்பா வந்தார். அப்பாவின் அண்ணன். எங்கள் குடும்பத்தில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. அம்மா அவர் எதிரே உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அப்பாவும் அப்படித்தான். பார்வையாளர் நேரத்தில் வந்தவர், கட்டிலின் கால்மாட்டில் நின்று அப்பாவை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அம்மாவிடம், அப்பாவின் தலைக்கு மேலேயே, பேசினார்.

"இது இனித் தேறாது. மிசினுதான் மூச்சு உடுது, இவன் எங்க உடறான்? ஊருக்குக் கொண்டாந்துரலாம். போறது வூட்ல போகட்டும். காட்டை எம்பட பசங்க பார்த்துக்குவாங்க."

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்தாள். அப்பாவின் இரண்டு கண்களின் ஓரத்திலிருந்தும் நீர் வழிந்து காதுக்குள் போனது. துடைத்துக்கொள்ள அவருக்குக் கை இல்லை.

அடுத்த கட்டிலருகே வேலையாக இருந்த நர்ஸ் திரும்பிப் பார்த்தார். ஒரே எட்டில் வந்து நின்றார்.

"ஏன்ரீ, அவருக்குக் காது கேக்குது. அவர் முன்னாடியே அவர் சாவைப் பத்திப் பேசறீங்க. வெளில போங்க."

"நான் இவனுக்கு அண்ணன். நீ ஆரு என்னை வெளிய போகச் சொல்றதுக்கு?"

"நீங்க யாரா வேணா இருங்க. இது என் பேஷண்ட். வெளில நடீரி!"

அந்தக் கண்டக்டர் குரலில் வார்டே நிமிர்ந்தது. பெரியப்பா போனார். போகும் வழியில் நிர்வாகத்திடம் புகார் சொல்லிவிட்டுப் போனார். வயதானவரை எல்லார் முன்னிலும் அவமானப்படுத்தினாள் என்று.

மறுநாள் அந்த நர்ஸ் இல்லை. கீழே ஊசி போடும் அறைக்கு மாற்றிவிட்டதாகச் சொன்னார்கள். அவருக்குப் பதிலாக வந்தவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் அப்பா கண்ணை மூடிக்கொண்டார். வலிக்கிறதா என்று கேட்டால் பதில் இல்லை. நான் கூப்பிட்டாலும் திறக்கவில்லை. உறக்கமில்லை, மயக்கமும் இல்லை என்றார் டாக்டர். பிறகு என்ன? அப்பா ஊருக்குப் போகத் தயாராகிவிட்டார் என்று எனக்குப் புரிந்தது. அண்ணன் சொல்லைத் தட்டிப் பழக்கமில்லாதவர்.

அம்மாவுக்கும் புரிந்தது. அன்று அவள் முகத்தில் நான் பார்த்ததை எப்படிச் சொல்வது? எந்தக் கூட்டத்திலும் பின்னால் நிற்பவள், கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு நேராக நர்ஸுகளின் மேலதிகாரி அறைக்குப் போனாள். நான் பின்னால் ஓடினேன்.

அந்த அம்மையார் கன்னடத்தில் உட்காரச் சொன்னார்.

"உக்கார வரலீங்க," என்றாள் அம்மா. எங்கள் ஊர்க் கன்னடமும் தமிழும் கலந்து அவளுக்கு வாயில் வந்த மொழியில் பேசினாள். "பொகார் குடுத்தது எம் புருசனோட அண்ணனுங்க. நான் பொண்டாட்டி. இங்க ஆரு பேச்சு செல்லுமுங்க?"

"நீங்க சொல்றது புரியுதும்மா. ஆனா பார்க்க வர்றவங்க கிட்ட ஸ்டாஃப் சத்தம் போடக் கூடாது. அது ரூல்ஸ்."

"அந்தச் சத்தம் நான் போட்டிருக்கோணுமுங்க. எனக்குத் தைரியம் இல்ல. எனக்காகத்தான் அந்தப் பொண்ணு போட்டா. தண்டிக்கோணும்னா என்னையத் தண்டிங்க. அவள மேல அனுப்புங்க."

பார்க்கலாம் என்றார் அவர். அந்தப் பார்க்கலாமை அம்மா ஏற்றுக்கொள்ளவில்லை. வெளியே வந்து அந்த அறைக்கு எதிரே சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தாள். காவலாளி வந்து எழச் சொன்னார். எழவில்லை. நான் டீ வாங்கி வந்தேன். தொடவில்லை. எனக்குக் கூச்சமாக இருந்தது. என் அலுவலகத்தில் யாராவது பார்த்துவிடுவார்களோ என்றுகூட யோசித்தேன். பிறகு நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி எங்களைத் தேடி வந்தவர், விஷயம் கேட்டுவிட்டு, தன் பையைத் தரையில் வைத்துவிட்டு அவரும் உட்கார்ந்தார். அவருக்கு ஒரு வார்த்தை தமிழ் தெரியாது.

அடுத்த நாளும் அம்மா போய் அதே இடத்தில் உட்கார்ந்தாள். மேலதிகாரி வெளியே வரும்போதெல்லாம் எழுந்து கும்பிட்டாள். அவர் உள்ளே போனதும் மறுபடி உட்கார்ந்தாள். கோஷம் இல்லை, சண்டை இல்லை. அசையாமல் இருந்தாள், அவ்வளவுதான். மதியத்துக்குப் பிறகு அவர் கதவைத் திறந்து, "ஏளம்மா, எழுந்திரு. அனுப்பறேன். இனி யாரிடமும் குரலை உயர்த்தக் கூடாதென்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்," என்றார் கன்னடத்தில். அவர் கண்ணில் கோபம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

நர்ஸ் திரும்பி வந்து அப்பாவின் கட்டிலருகே நின்றார். குரலை உயர்த்தவில்லை, உண்மைதான். குனிந்து அவர் காதருகே சொன்னார்.

"அப்பா, என்னைக் கீழே அனுப்பிட்டாங்க. உங்க வீட்டம்மா போய் இழுத்துட்டு வந்துட்டாங்க. அந்தம்மா அவ்வளவு பண்ணிருக்காங்க, நீங்க கண்ணையாவது தெறக்க வேணாமா?"

அப்பா கண்ணைத் திறந்தார். அம்மாவைத்தான் தேடினார்.

அதன் பிறகும் எளிதாக இல்லை. நுரையீரலில் தொற்று வந்தது. ஒருமுறை டாக்டரே எங்களைத் தனியே கூப்பிட்டுத் தயாராக இருக்கச் சொன்னார். தயாராக மாட்டோம் என்றாள் அம்மா. பிறகு ஒருநாள் தோள் லேசாக அசைந்தது. பிறகு கழுத்து. பிறகு இயந்திரத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்திப் பார்த்தார்கள், பிறகு கூடுதல் நேரம். அப்பாவுக்குப் பேச வருகிறதா என்று பார்ப்பதற்காகத் தொண்டைத் துளையை மூடிய அன்று நாங்கள் எல்லாரும் கட்டிலைச் சுற்றி நின்றோம். அம்மாவின் பெயரைச் சொல்வார் என்று நினைத்தேன். சாமி பெயரைச் சொல்வார் என்று அம்மா நினைத்திருப்பாள். காற்றும் எச்சிலுமாக ஒரு குரல் வந்தது.

"அண்ணனை... உள்ள... உடாதீங்க."

நர்ஸ் சிரித்த சிரிப்பில் அன்று நிச்சயம் ரூல்ஸ் உடைந்திருக்கும்.

மைசூரிலேயே வீடு எடுத்து, பயிற்சி கொடுத்து, அப்பா வாக்கர் பிடித்து நிற்கத் தொடங்கிய பிறகு ஊருக்குப் போனோம். அம்மா வேண்டிக்கொண்டபடி குலதெய்வத்துக்குக் கிடா வெட்டிச் சொந்தபந்தத்துக்கெல்லாம் விருந்து வைத்தோம். நர்ஸை வரச் சொல்லியிருந்தார் அப்பா. அவர் கொள்ளேகாலில் பஸ் மாறி வந்து இறங்கினார். நல்ல பட்டுப்புடவை கட்டியிருந்தார். சீருடை இல்லாமல் பார்த்ததில் எனக்கே ஒரு கணம் அடையாளம் தெரியவில்லை.

எங்கள் வழக்கப்படி பந்தியில் முதல் இலை குடும்பத்தில் மூத்தவருக்கு. அப்பா அந்த இலையில் நர்ஸை உட்காரச் சொன்னார். பெரியப்பா கை கழுவிக்கொண்டு வந்து பார்த்தார்.

"என்னடா இது? ஆஸ்பத்திரில கண்டவன் மூத்திரத்தை அள்ளறவ. ஆரு, என்ன சாதின்னுகூடத் தெரியாது. அவளுக்கா மொத எலை?"

அப்பா வாக்கரைப் பிடித்து எழுந்தார். கால்கள் நடுங்கின. பிடிக்கப் போன என்னைத் தலையசைத்து நிறுத்தினார்.

"எம்பட மூத்திரத்தத்தான் அள்ளுனா, அண்ணா. நீங்க அள்ளலீங்களே. மொத எலை அவளுக்குத்தான். புடிக்காதவங்க எந்திரிச்சுப் போயிக்கலாம்."

அப்பா தன் அண்ணனை நேருக்கு நேர் எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. பெரியப்பா போனார். அவரோடு பாதிப் பந்தி எழுந்து போனது. நர்ஸ் இலையை விட்டு எழப் பார்த்தார். "என்னால உங்களுக்குள்ள சண்டை பேடா, வேணாம். நான் கெளம்பறேன்." அம்மா அவர் தோளை அழுத்தி உட்காரவைத்தாள்.

"நீ உக்காரு அம்மிணி. கறி ஆறுது."

அவர் தலை நிமிராமல் சாப்பிட்டார். இரண்டாம் முறையும் சோறு வாங்கிக்கொண்டார்.

அந்த விருந்துக்குப் பிறகு சில வீடுகளிலிருந்து எங்களுக்கு அழைப்பு வருவதில்லை. என் கல்யாணத்தில் பாதி மண்டபம் காலியாக இருக்கும் என்று சித்தி சொல்லி அனுப்பினார். இருக்கட்டும். வருகிறவர்களுக்குத் தாராளமாக இடம் கிடைக்கும்.

விருந்தன்று சாயங்காலம் நர்ஸைப் பஸ் ஏற்றப் போனோம். தானும் வருவதாகப் பிடிவாதம் பிடித்தார் அப்பா. காட்டோரமாகப் போனால் பஸ் நிற்கும் இடம் பக்கம். அப்பா ஊருக்குள் போகும் தெருவில் வாக்கரைத் திருப்பினார்.

"அப்பா, அந்த வழி சுத்து. உங்களால ஆகல்ல," என்றார் நர்ஸ்.

"ஆகும்," என்றார் அப்பா.

அந்தத் தெருவில்தான் பெரியப்பாவின் வீடு. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பந்தியிலிருந்து எழுந்து போனவர்களில் நாலைந்து பேர் சுற்றி நின்றிருந்தார்கள். அப்பா ஒவ்வொரு அடியாக வைத்து, சரியாக அந்த வாசலுக்கு எதிரே வந்ததும் நின்றார். மூச்சு வாங்கினார். அவசரமே படவில்லை. நர்ஸ் பழக்கத்தில் அவர் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். அப்பா நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "போலாம் கண்ணு," என்று அவரிடம் சொல்லிவிட்டு நடந்தார்.